காய்ந்த கொப்பும் மரத்தின் பெயரும்

கோயிலிலும் வீட்டிலும் புகைக்கப்படும் குங்கிலியம் மரத்தினின்று வடியும் பிசின் என்பதைக் கமக்காரர் யாவரும் அறிவர். ஆயின், எம்மரத்தின் பிசின் என்று வினவின் விடை கூறுதல் அத்துணை எளிதன்று. வெள்ளைக் குங்கிலியம் தென்னிந்தியாவின் மேற்கு மலைத்தொடர்க் காடுகளில் வளரும் வற்றீரியா இந்திக்கா என்னும் மரத்தினின்று பெறப்படுவது. கருங்குங்கிலியமோ கனேரியம் ஸ்ரிக்டம் என்னும் வேறொரு மரத்தினது. அது நம் நாட்டின் ஈரவலயத்திற் காணப்படும் கெக்குன மரத்துக்கு நெருங்கிய உறவு. இவ்விரு மரங்களும் மாவும் பலாவும் போல வெவ்வேறு குடும்பங்களைச் சேர்ந்தவை. எனினும் நிறத்தைக் குறிக்கும் அடைமொழியை நீக்கிவிட்டால் இரண்டும் கடையில் ஒரே பெயரோடு நிற்கின்றன.

சிங்களப் பெயர்களிலும் இதே நிலைதான். சிங்கராஜக் காட்டையடுத்த கிராமங்களில் ‘பெரலிய’ என்னும் பெயர் ஒரு மரத்துக்கன்று, பல மரங்களுக்கு வழங்குகின்றது. ஒரு கோரளையில் ஒரு பெயர் பெறும் மரம் அடுத்த கோரளையில் வேறு பெயர் பெறுவதும் உண்டு. ஊர்ப்பெயர்களைக் குறைகூறுவது எமது நோக்கமன்று. அவை தலைமுறை தலைமுறையாக மரத்தோடு பழகியவர்கள் இட்ட பெயர்கள். காட்டினுள் நுழையும் தாவரவியலாளர் முதலிற் கேட்டெழுதுவதும் அவற்றையே. ஆனால் இன்ன மரத்தின் வித்து, இன்ன நிலத்தில் நட உகந்தது என்று ஒருவர் எழுதி மற்றொருவர் வாசித்து நடக்கவேண்டுமாயின், இருவரும் ஒரே மரத்தைப் பற்றியே பேசுகின்றனர் என்பது உறுதியாதல் வேண்டும். அவ்வுறுதியை அளிப்பது, தாளில் ஒட்டப்பட்டுப் பேழையில் வைக்கப்பட்டிருக்கும் ஒரு காய்ந்த கொப்பு. குங்கிலியம் தரும் பெருமரக் குடும்பமொன்று அவ்வாறான கொப்புகளைக் கொண்டு எவ்வாறு வகுக்கப்பட்டது என்பதையும், அம்முறை நெல்லும் மரக்கறியும் செய்கைபண்ணுவோருக்கு எவ்வகையில் உதவுகின்றது என்பதையும் இத்துண்டுப் பிரசுரத்திற் கூறுவோம்.

குடும்பத்தின் அடையாளங்கள்

இக்குடும்பத்துக்குத் தாவரவியலார் இட்ட பெயர் டிப்ரெரோகார்ப்பேசியே. ‘இரு சிறகுடைய கனி’ என்பது அதன் பொருள். உலகில் ஏறக்குறைய 700 இனங்கள் இதில் உள்ளன. இவற்றுட் பெரும்பாலானவை ஆசியாவின் மழைக்காடுகளுக்கு உரியவை. போர்ணியோத் தீவே இவற்றின் பெருங்களஞ்சியம். இலங்கையில் ஐம்பதுக்கு மேற்பட்ட இனங்கள் உள. அவற்றுள் ஏறக்குறைய அனைத்தும் இத்தீவிலன்றி வேறெங்கும் இயற்கையில் வளராதவை என்பது சிந்தித்தற்குரியது. ஹொற, பூ ஹொற, தொறன, ஹல், துன், தினிய, யக்கஹலு, பெரலிய ஆகியவை சிங்களத்தில் வழங்கும் பெயர்களுட் சில. ஈரவலயமே இவற்றின் இருப்பிடம். உலர்வலயத்தில் ஆற்றங்கரையோரக் காடுகளில் வாழ்வன ஹோப்பியா கோர்டிபோலியா, வற்றிக்கா ஒப்ஸ்கூரா என்னும் இரண்டேயாகும்.

மரம் வெட்டப்பட்ட இடத்தில் பிசின் வடிதல், இலைகள் கொப்பில் ஒன்றுவிட்டொன்றாக அமைதல், இலைக்காம்பு இலையோடு சேருமிடத்தில் சற்றே பருத்து முழங்கால் போல வளைந்திருத்தல், பூவின் ஐந்து புல்லிகளும் உதிராது நின்று காயைச் சூழ்தல் என்பன குடும்பம் முழுவதற்கும் பொதுவான குறிகள். குடும்பத்தினுள் ஒரு சாதியை மற்றொரு சாதியினின்று பிரிப்பதற்கு முதலில் நோக்கவேண்டியது அப்புல்லிகளையே. ஹொறவின் காயில் இரண்டு புல்லிகள் நீண்டு சிறகாகின்றன. மற்றை மூன்றும் குறுகியே நிற்கின்றன. துன் மரத்தின் காயில் மூன்று நீண்டும் இரண்டு குறுகியும் உள்ளன. ஹல் மரத்தின் காய்க்குச் சிறகே இல்லை; புல்லிகள் பின்னோக்கி மடங்கிக்கொள்கின்றன, பருத்த காய் தாய்மரத்தின் அடியிலேயே விழுகின்றது. ஸ்ரெமனோபோரஸ் என்னும் சாதியிலும் சிறகு வளர்வதில்லை. இச்சாதி முழுவதும் இலங்கைக்கே உரியது.

இதுவரை கூறியதைக் கேட்போர், இத்தனை தெளிவான குறிகளிருக்கத் தடுமாற்றம் எங்கிருந்து வந்தது என வினவலாம். காட்டில் நாற்பது மீற்றர் உயர மரத்தின் கீழ் நின்று அண்ணாந்து பார்ப்பவருக்கே அதன் விடை விளங்கும். பூ எட்டாத உயரத்தில் உள்ளது; அளவிற் சிறிது; சில நாள்களில் உதிர்ந்துவிடுவது. போர்ணியோ, மலாயா ஆகிய நாடுகளில் இக்குடும்பத்து மரங்கள் பல ஆண்டுகள் பூவாதிருந்து, பின் ஓராண்டில் காடு முழுவதும் ஒருங்கே பூப்பன. பூவோடு கூடிய மாதிரி வேண்டுபவர் அவ்வாண்டுக்காகக் காத்திருத்தல் வேண்டும். நிலத்தில் உதிர்ந்து கிடக்கும் காயைப் பொறுக்கலாமெனில், பக்கத்து மரத்தின் காயும் அதனோடு கலந்து கிடக்கும். உயரத்திலுள்ள கொப்பைத் துப்பாக்கியாற் சுட்டு வீழ்த்தியோரும் உளர். சிங்கப்பூர்த் தாவரவியற் பூங்காவிற் பணியாற்றிய கோர்னர் என்பவர் 1930களின் பிற்பகுதியில், தேங்காய் பறிக்கப் பழக்கப்பட்ட குரங்குகளைக் கொண்டு மரவுச்சியிலிருந்து மாதிரிகளைப் பறிப்பித்தார். அரசாங்கச் செலவில் ஆற்றப்பட்ட வேலைகளுள் இதனைப் போன்ற சிக்கனமானது வேறொன்று இருக்குமென எமக்குத் தோன்றவில்லை.

வெரளியென எண்ணப்பட்ட ஹல்

இலங்கைத் தாவரங்களை உலர்த்தித் தொகுத்தோருள் முதன்மையானவர் ஒல்லாந்தக் கொம்பனியின் வைத்தியராக 1670களில் கொழும்பிலிருந்த பவுல் ஹேர்மன். அவருடைய ஐந்து தொகுதிகளைக் கொண்டே, இந்நாட்டில் அடியெடுத்துவைக்காத லின்னேயஸ், 1747இல் இலங்கைத் தாவரங்கள் பற்றிய தமது நூலை வெளியிட்டார். அத்தொகுதிகள் இன்றும் இலண்டன் இயற்கை வரலாற்று நூதனசாலையில் உள்ளன. நூற்றாண்டுகள் கடந்தும் ஒரு கொப்பு சாட்சி சொல்லும் என்பதற்கு இதுவே போதிய சான்று.

சாட்சியை வாசிப்பவர் தவறின் என்னாகும் என்பதை ஹல் மரத்தின் வரலாறு காட்டும். கமக்காரருக்கு இம்மரம் பயன்மிக்கது. இதன் பட்டையைக் கள் முட்டியில் இட்டால் கள் விரைவிற் புளிக்காது. கித்துள் சீவுவோர் இதனை நன்கறிவர். இதன் வித்தைப் பல நாள் நீரில் ஊறவைத்துக் கசப்பை நீக்கி, இடித்து மாவாக்கிப் பிட்டவிக்கும் வழக்கமும் ஈரவலயக் கிராமங்களில் உண்டு. சுவீடன் நாட்டு அறிஞர் ரெட்சியஸ் 1786இல் இம்மரத்துக்கு எலயோகார்ப்பஸ் கொப்பாலிபெர் எனப் பெயரிட்டார். எலயோகார்ப்பஸ் என்பது வெரளிக்காயின் சாதி. அச்சாறுக்கும் உப்புக்கும் உகந்த வெரளியோடு குங்கிலியம் வடிக்கும் ஹல் மரத்தை ஒரே சாதியில் வைத்தமை, பாகலையும் கத்தரியையும் ஒரே பந்தலில் ஏற்றியமை போன்றதாகும். பின்வந்தோர் இதனை இந்திய மரத்தின் சாதியாகிய வற்றீரியாவிற் சேர்த்தனர். பேராதனையிற் பணியாற்றிய அல்ஸ்ரன் என்பவர் 1931இல், ரெட்சியஸ் இட்ட பெயரின் பிற்பகுதியைக் காத்து வற்றீரியா கொப்பாலிபெரா என வழங்கினார். அப்பெயரே இன்றும் நிலைத்துள்ளது. பிழையான சாதியில் வைத்தவரின் பெயர்ப்பகுதியையும் காப்பதேன் என்று சிலர் கேட்கக்கூடும். முதலில் இட்ட பெயருக்கே முதன்மை என்பது தாவரவியலாரின் சட்டம். வேலி எங்கு போடப்பட்டிருந்தாலும் காணியின் பழைய உறுதியைத் தேடிப் பார்ப்பது போன்றதே இது.

இவ்வுறுதி என்னும் உவமையைச் சற்று விரித்தல் தகும். ஓர் இனத்துக்குப் புதிதாகப் பெயரிடுபவர், தாம் எந்த மாதிரியைக் கண்டு பெயரிட்டாரோ அதனைச் சுட்டிக்காட்டுதல் வேண்டும். அது மூலமாதிரி எனப்படும். பெயரைப் பற்றிப் பின்னர் எப்பொழுது வழக்கெழுந்தாலும், வருணனையை அன்று, மூலமாதிரியையே எடுத்து நோக்கித் தீர்ப்புச் சொல்வர். ஆதலின் ஒரே மரத்திலிருந்து பல கொப்புகளை எடுத்து வெவ்வேறு நாடுகளிலுள்ள சேகரங்களுக்கு அனுப்பும் வழக்கம் ஏற்பட்டது. 1943ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் பேர்லின் சேகரம் குண்டுவீச்சில் எரிந்தபோது, வேறிடங்களுக்கு அனுப்பப்பட்டிருந்த இரட்டைப்படிகளே அங்கு அழிந்த மூலமாதிரிகள் பலவற்றுக்கு ஈடாக நின்றன.

பேராதனையும் துவெயிற்ஸ் இட்ட இலக்கங்களும்

நம் நாட்டின் மூலமாதிரிகளிற் பலவற்றுக்கு இருப்பிடம் பேராதனை அரச தாவரவியற் பூங்காவிலுள்ள தேசிய உலர்தாவரச் சேகரம். இப்பூங்கா நெடுங்காலம் விவசாயத் திணைக்களத்தின் கீழ் இருந்து, 2006இல் தனித் திணைக்களமாயிற்று. 1849 முதல் 1880 வரை அதன் தலைமைப் பொறுப்பில் இருந்தவர் துவெயிற்ஸ். அவரும் அவருடைய ஆட்களும் அம்பகமுவ, இரத்தினபுரி, ரைகம் கோரளை, ஹினிதும முதலிய இடங்களினின்று கொணர்ந்த கொப்புகளே இக்குடும்பத்தைப் பற்றிய நம் அறிவின் அத்திவாரம். துன் மரத்தின் சிங்களப் பெயரையே எடுத்து 1851இல் டூனா என்னும் சாதியை அவர் அமைத்தார். மகரந்தக்கூடு நுனியிலுள்ள துவாரத்தால் திறப்பதைக் கண்டு 1854இல் ஸ்ரெமனோபோரஸ் சாதியை அமைத்தவரும் அவரே. உலர்ந்த பூவில் நிறம் நில்லாதாகையால், பூங்காவின் சித்திரகாரர் ஹர்மானிஸ் த அல்விஸ் ஏறக்குறைய 40 ஆண்டுகள் பச்சைக் கொப்புகளைப் பார்த்து வர்ணப் படங்கள் தீட்டிவந்தார். அப்படங்கள் மாதிரிகளுக்கு நிகரான பெறுமதி உடையவை.

துவெயிற்ஸ் தம் மாதிரிகளுக்கு ‘சீ. பீ.’ என்னும் எழுத்துகளோடு இலக்கமிட்டார். ‘சிலோன் பிளான்ற்ஸ்’ என்பதன் சுருக்கம் அது. இங்குதான் பின்வந்தோரைப் பெரிதும் வருத்திய சிக்கல் எழுந்தது. பறித்த ஒவ்வொரு கொப்புக்கும் ஒவ்வோர் இலக்கம் இடாது, ஓர் இனத்துக்கு ஓர் இலக்கம் என்று அவர் இட்டார். எனவே ஒரு மலையில் ஓராண்டிற் பறித்ததும், வேறொரு மலையில் பத்தாண்டு கழித்துப் பறித்ததும் ஒரே இலக்கத்தைப் பெற்றன. கியூ, பாரிஸ் முதலிய சேகரங்களுக்கு இரட்டைப்படிகள் சென்றபோது பலவற்றில் அவ்விலக்கமன்றி ஊரோ ஆண்டோ எழுதப்படவில்லை. அவ்விவரம் பேராதனையிலுள்ள தாளில் மட்டுமே இருந்தது. ஓரினமென அவர் கருதியது பின்னர் ஈரினமெனத் தெரியவந்தால், ஒரே இலக்கத்தின் கீழ்க் கியூவில் ஓரினமும் பேராதனையில் மற்றோரினமும் இருக்கக்கூடும். களஞ்சியத்தில் பத்துச் சாக்கு நெல்லை ஒரே அடையாளமிட்டு அடுக்கிவிட்டு, எச்சாக்கு எவ்வயலின் நெல் என்று பின்னர் தேடுபவரின் நிலையை எண்ணிப் பார்க்கவும்.

துவெயிற்சுக்குப் பின் வந்த ட்றைமன் 1893 தொடக்கம் இலங்கைத் தாவரக் கைந்நூலை வெளியிட்டு, 1896இல் அது முற்றுப்பெறுமுன் காலமானார். ஹூக்கர் 1900இல் அதனை முடித்துவைத்தார். இந்நூலே அடுத்த எண்பதாண்டுகளுக்கு நம் நாட்டின் ஆதார நூலாக விளங்கிற்று.

டூனாவா, ஷோரியாவா?

1957 முதல் புரூணை நாட்டில் வனத் தாவரவியலாளராக இருந்து, இக்குடும்பத்து மரங்களைக் காட்டிலேயே பட்டை, பிசின், உதிர்ந்த இலை ஆகியவற்றால் இனங்காணப் பழகிய பீற்றர் அஷ்ரன் என்பவர், பின்னர் இலங்கை இனங்களை ஆராய்ந்தார். பேராதனைத் தாள்களைக் கொண்டு துவெயிற்சின் இலக்கங்களை ஒவ்வொன்றாகப் பிரித்து ஆராய்ந்தார். அவருடைய முடிவுகள் 1980இல், திருத்திய கைந்நூலின் முதற் றொகுதியில் வெளிவந்தன. துன் மரத்தின் காயில் மூன்று நீண்ட சிறகும் இரண்டு குறுகிய சிறகும் உள என்றோம். மலாயாவிலும் போர்ணியோவிலும் பரந்து கிடக்கும் ஷோரியா என்னும் பெருஞ்சாதியின் காயும் அத்தகையதே. ஆகவே டூனா தனிச் சாதியன்று, ஷோரியாவின் ஒரு கிளையே என அவர் கொண்டார். சாலமரமும் ஷோரியாவைச் சேர்ந்ததே. இவ்வாறு துவெயிற்சின் டூனா நீங்கியது.

யாவரும் இதனை ஏற்கவில்லை. யாவாவிற் பிறந்து போகோர்ச் சேகரத்திற் பணியாற்றிய கொஸ்ரமன்ஸ், டூனாவின் பூவில் கேசரம் பதினைந்தாயிருத்தல் முதலிய குறிகளைச் சுட்டி, அது தனிச் சாதியே என வாதிட்டார். 1992இல் இலங்கையின் இக்குடும்பத்தைப் பற்றித் தனிக் கைந்நூலும் வெளியிட்டார். ஸ்ரெமனோபோரசில் இவர் பல புதிய இனங்களைக் கண்டு இருபத்தைந்துக்கு மேலாக உயர்த்தினார். சிறு வேறுபாட்டையும் தனியினமாக்குகிறார் என்று இவரைக் குறை கூறியோரும் உளர். சேர்ப்போர், பிரிப்போர் என இருசாரார் தாவரவியலில் என்றும் உண்டு. இருவருக்கும் எதிரே இருந்தவை ஒரே தாள்களே.

வழக்குத் தீர்ந்தது அண்மையில்தான். இலைத்துண்டிலிருந்து மரபுப்பொருளைப் பிரித்தெடுத்து, உறவு முறையை அதன்வழி அறியும் முறை கைவந்த பின், ஹெக்கன்ஹாவர் முதலியோர் 2017இல் இக்குடும்பத்தைச் சோதித்தனர். டூனாவை ஷோரியாவிற் சேர்ப்பதாயின், தனிச் சாதியென யாவரும் கொண்டிருந்த ஹோப்பியாவையும் அதனுட் சேர்த்தே ஆகவேண்டும் எனக் கண்டனர். தம்பியின் பிள்ளைகளை ஒரு குடும்பமெனவும், அத்தம்பியோடு ஒட்டிப்பிறந்த தங்கையின் பிள்ளைகளை அயலாரெனவும் கணக்கெடுப்பது எங்ஙனம் பொருந்தும்? அதனால் பெருஞ்சாதியைப் பல சாதிகளாகப் பிரிப்பதே முறையென முடிவாயிற்று. 2022இல் அப்பிரிவினை கியூவின் ஆய்விதழில் வெளிவந்தபோது டூனா தனிச் சாதியாக மீண்டது. அதனை எழுதிய இருவருள் ஒருவர் ஹெக்கன்ஹாவர். மற்றையவர் நாற்பது ஆண்டுகளுக்கு முன் டூனாவை நீக்கிய அஷ்ரனே. முதுமையில் தம் கையாலேயே பழைய பெயரை மீட்டுவைத்த அவருடைய செய்கை போற்றத்தக்கது.

ஒன்று கவனிக்கத்தக்கது. மழைக்காட்டில் மாதிரிகளை உலர்த்த முடியாதவிடத்து, பத்திரிகைத் தாளில் அடுக்கிய கொப்புகளின்மேல் மதுசாரம் ஊற்றி, அழுகாது காத்து நகருக்குக் கொண்டுவருவது முன்னாளிற் பலர் கையாண்ட முறை. இலையின் வடிவம் அதனாற் காக்கப்பட்டது. ஆயின் மரபுப்பொருள் சிதைந்துபோயிற்று. வெயிலிலும் அனலிலும் விரைந்து உலர்த்தப்பட்ட எளிய மாதிரிகளே நூற்றாண்டு கழிந்த பின்னும் இச்சோதனைக்குப் பெரிதும் உதவுகின்றன.

பெயர் தெரியாத நிலத்தில் நடுகை

வித்தைப் பற்றி இங்கு சொல்லவேண்டும். நெல் வித்தை உலர்த்திக் குளிரறையில் வைத்தால் பல்லாண்டு முளைதிறன் கெடாது. 1988இல் கன்னொருவையில் நிறுவப்பட்ட தாவர மரபுவள நிலையத்தில் நம் பழைய நெல்லினங்கள் அங்ஙனம் காக்கப்படுகின்றன. குங்கிலியக் குடும்பத்து வித்துக்கு அது இயலாது. விழுந்த சில நாள்களில், மிஞ்சினாற் சில வாரங்களில் அது முளைத்தல் வேண்டும், உலர்த்தின் இறந்துபடும். களஞ்சியத்தில் இக்குடும்பத்தைக் காக்க வழியில்லை. காட்டில் நிற்பதே அதன் களஞ்சியம். பேராதனையில் இருப்பது அதன் உறுதி மட்டுமே. உறுதி பத்திரமாக இருக்கையில் காணி கைமாறிப்போன கதை நமக்குத் தெரியாததன்று. துவெயிற்சின் சீட்டுகளில் அடிக்கடி காணப்படும் அம்பகமுவைப் பகுதியில் இன்று தேயிலை மலைகளே மிகுதியாக உள்ளன.

சிங்கராஜக் காட்டிலும் 1970களில் ஒட்டுப்பலகைக்காக மரம் தறிக்கப்பட்டது. 1977இல் அது நிறுத்தப்பட்டு, 1988இல் அக்காடு உலக மரபுரிமையாயிற்று. பேராதனைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நிமல் குணதிலக, சவித்திரி குணதிலக ஆகியோர் பிறருடன் சேர்ந்து, 1993இல் அங்கு 25 ஹெக்டேயர் நிலத்தை அளந்து, விரற்பருமனுள்ள கன்று முதலாக இரண்டு இலட்சம் வரையிலான மரங்களுக்கு இலக்கத்தகடு தொங்கவிட்டுப் பெயர் எழுதினர். இருநூறுக்கு மேற்பட்ட இனங்கள் அங்குக் கணக்கிடப்பட்டன. பூவும் காயுமில்லாத கன்றுக்குப் பெயர் எழுதுவது, உலர்மாதிரிகளோடு ஒப்பிடாது இயலும் காரியமன்று.

அவ்வேலையால் அறியவந்தது கமக்காரர் கவனத்துக்குரியது. கண்ணுக்கு ஒன்றுபோலத் தோன்றும் டூனா இனங்கள் நிலத்தைப் பங்கிட்டுக்கொண்டுள்ளன. பெரிய இலையுடைய மகா பெரலிய தாழ்வான, ஈரமுள்ள இடங்களை நாடுகின்றது. யக்கஹலு நடுச்சரிவில் மிகுந்துள்ளது. தேயிலைத் தோட்டக்காரராயிருந்து இந்நாட்டு மரங்களை ஆர்வத்தோடு சேகரித்த வர்த்திங்ரன் என்பவரின் பெயரால் வழங்கும் இனம் மலைமுகட்டின் வறண்ட மண்ணில் வாழ்கின்றது. பள்ளக் காணிக்கும் மேட்டுக் காணிக்கும் வெவ்வேறு நெல்லைத் தெரிந்து விதைப்போருக்கு இது வியப்பன்று. 1990கள் தொடக்கம் சிங்கராஜத்தின் எல்லையிலுள்ள பைன் தோட்டங்களின் இடையே இக்குடும்பத்துக் கன்றுகள் நடப்பட்டன. ‘பெரலிய’ என்னும் பெயரை மட்டும் நம்பி வித்துப் பொறுக்கிய ஒருவர், பள்ளத்து இனத்தை முகட்டில் நட்டிருப்பின், சில ஆண்டுகளின் பின் பட்டுப்போன கன்றுகளைக் கண்டு மண்ணைக் குறைகூறியிருப்பார்.

இன்னொரு செய்தி வயலைச் சார்ந்தது. களுத்துறை மாவட்டத்தில் புளத்சிங்களவுக்கு அண்மையில் வதுரான என்னும் நன்னீர்ச் சதுப்புக்காடு உண்டு. ஏறக்குறைய 12 ஹெக்டேயர் பரப்பே உடையது. ஸ்ரெமனோபோரஸ் மூனியை என்னும் மரத்துக்கு அச்சதுப்பு நிலமே புகலிடம். அற்றுப்போகும் அபாயம் மிகுந்த இனமாக அது குறிக்கப்பட்டுள்ளது. தண்ணீர் தேங்கும் தாழ்நிலம் கமக்காரரின் கண்ணுக்கு வயலாகவே தோன்றும். வாய்க்கால் வெட்டி நீரை வடித்தால் இரண்டு போகம் நெல் விளையும் என்ற எண்ணமும் இயல்பாக எழும். அம்மரத்தின் பெயரைத் தாளில் எழுதி வைத்தவர் இல்லாதிருந்தால், அந்தக் காடு விறகென்றே கணிக்கப்பட்டிருக்கும். ஈரவலயத்தில் இத்தகைய சதுப்புத் துண்டுகள் வயல்களின் ஓரங்களில் இன்னும் எஞ்சியுள்ளன. அவற்றில் நிற்பவை யாவை என்று கொப்பெடுத்துப் பார்க்கப்படாதவையும் அவற்றுள் இருக்கக்கூடும். வெட்டித் துப்புரவாக்க முன், ஒரு கொப்பையேனும் அனுப்பிக் கேட்பதற்கு ஒரு வாரத்துக்கு மேற் செல்லாது.

உங்கள் காணியிலிருந்து மாதிரி அனுப்பும் முறை

மரங்களுக்குச் சொன்னது களைக்கும் நோய்க்கும் பொருந்தும். 1869இல் மடுல்சீமைப் பகுதிக் கோப்பித் தோட்டங்களில் இலைகளின் கீழ்ப்புறத்தில் செம்மஞ்சள் தூள் தோன்றியபோது, அவ்விலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பிவைத்தவர் முன் சொன்ன துவெயிற்சே. பேர்க்கிலி என்னும் அறிஞர் அவ்வாண்டிலேயே அந்தப் பூஞ்சணத்துக்குப் பெயரிட்டார். இருபதாண்டுக்குள் கோப்பிச் செய்கை அழிந்ததென்பது உண்மையே. எனினும் நோய் யாது என்பது காய்ந்த இலையாலேயே உலகுக்குத் தெரியவந்தது. நெல்வயலிலும், புல்லினத்துக் களைக்கு ஒரு நாசினியும், கோரைக்கும் அகன்ற இலைக் களைக்கும் வேறு நாசினியும் விதந்துரைக்கப்படுகின்றன. நெற்பயிரைப் போன்றே வளரும் புல்லைக் கோரையென எண்ணி மருந்து தெளித்தவர், காசையும் போகத்தையும் ஒருங்கே இழப்பார். ‘வயலில் ஒரு புல், பெயர் தெரியாது, மருந்து கூறவும்’ என்று தொலைபேசியிற் கேட்போருக்கு விவசாயப் போதனாசிரியர் எதனைக் கூறமுடியும்?

பறிக்கும்போது பூவோ காயோ உள்ள செடியையே தெரிந்தெடுக்கவும். களையாயின் வேரோடு பிடுங்கி மண்ணை நன்கு கழுவவும். கோரையின் கிழங்கு வேரிலேயே இருப்பதால், வேரற்ற மாதிரியாற் பயன் குறைவு. மரமாயின் முழங்கை நீளக் கொப்புப் போதும். பழைய பத்திரிகைத் தாளை விரித்து, இலைகள் ஒன்றன்மேலொன்று படாதவாறு பரப்பி, ஓரிரு இலைகளின் கீழ்ப்புறம் மேலே தெரியும்படி திருப்பிவைக்கவும். நெட்டையான செடியை வெட்டிக் குறைக்காது ‘வ’ வடிவில் மடிக்கலாம். மேலும் கீழும் பலகை வைத்து, நான்கைந்து செங்கல்லைப் பாரமாக ஏற்றவும். முதல் மூன்று நாளும் தாளை நாள்தோறும் மாற்றுதல் வேண்டும். பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். ஈரத்தாளில் விட்ட இலை கறுத்துப் பூஞ்சணம் பிடிக்கும். ஈரவலயத்தில் மழைநாளாயின் அடுப்படியின் மேலே, அனல் மட்டும் படுமிடத்தில் வைக்கலாம். பச்சை இலையைப் பொலிதீன் உறையிற் கட்டித் தபாலில் அனுப்பவேண்டாம். கன்னொருவைக்கோ பேராதனைக்கோ சென்றுசேரும்போது அது குழம்பாகியிருக்கும்.

சீட்டைப் பென்சிலால் எழுதவும். மை ஈரத்தில் கரையும். பறித்த நாள், கிராமம், வயலா மேட்டு நிலமா என்பது, செடியின் உயரம், பூவின் நிறம், ஊரில் வழங்கும் பெயர் ஆகியன அதில் இருத்தல் வேண்டும். பூவின் நிறத்தை உடனே எழுதாவிடின் பின்னர் எவராலும் கூறமுடியாது. மரத்தினின்று பிசினோ பாலோ வடிந்தால் அதன் நிறத்தையும் குறிப்பிடவும். ஊர்ப்பெயரை எழுத வெட்கப்படவேண்டியதில்லை. டூனா என்பதே ஊர்ப்பெயர்தான்.

மாதிரியை உங்கள் பிரதேசக் கமநல சேவை நிலையத்திலுள்ள விவசாயப் போதனாசிரியரிடம் ஒப்படைக்கலாம். அதே செடியிலிருந்து எடுத்த இன்னொரு மாதிரியை வீட்டில் வைத்துக்கொள்ளவும். விடை வரும்போது, எச்செடிக்கு வந்தது என்று ஒப்பிட அது உதவும். இரண்டுக்கும் ஒரே இலக்கம் இடவும். வேறு வயலில், வேறு நாளில் பறித்த செடி, பார்வைக்கு அதுவே போலத் தோன்றினாலும், அதற்கு வேறு இலக்கமே இடவும்.